இரண்டு பக்கமும் உருளை

கேமரன் மலையில், எங்கள் தாமான் மாவார் குடியிருப்பில், ஒன்பதாம் எண் வீட்டுத் தணிகாசலம் ஐயா கட்டிய வெந்நீர்த் தொட்டி நடக்க ஆரம்பித்த முதல் நாள் ஒரு சாண்தான் நகர்ந்தது, அதனால் நாங்கள் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மூன்று மணிக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது, நான்கு மணிக்கு விலகியது, விலகியபோது தொட்டி ஒரு சாண் தள்ளி நின்றது, அவ்வளவுதான். மலையில் என்னென்னவோ நகர்கிறது. போன மழைக்கு லியோங்கின் ஸ்ட்ராபெரித் தோட்டத்து வேலி பத்தடி கீழே போய் நின்றுகொண்டு, அங்கேயே பிறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் மண் சரிந்தால் பள்ளத்தைப் பார்த்துப் போகும். இந்தத் தொட்டி மேட்டைப் பார்த்துப் போயிருந்தது.

நான் லோகேஸ்வரி, லோகா என்று கேட்டால்தான் ஆட்களுக்குத் தெரியும். தாமான் தெரு பெரிய சாலையில் ஏறும் முனையில் பசியாறும் கடை வைத்திருக்கிறேன், காலையில் தோசையும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும், பகலில் தேநீரும் வடையும். என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் கீழே பட்டணங்களுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். இந்த மலையில் நடக்கிற எதுவும் என் கடை பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆகவே இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் அன்றைக்கு அவர்கள் பகல் தூக்கத்தில் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவும் அவர் மனைவி சுலோசனா அம்மாவும் இந்தியாவில் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். ஐயா ரயில்வேயில் பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்தவர். ஒரு ஆற்றில் பாலம் முடிந்தால் அடுத்த ஆற்றுக்கு மாற்றல் வரும், ஐயா ஒரு சூட்கேஸோடு முன்னால் போய்விடுவார், அம்மா பின்னால் இருந்து, மகளின் பரீட்சை முடியும்வரை பொறுத்து, கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து, பால்காரருக்குச் சொல்லி, பாத்திரங்களைப் பழைய புடவைகளில் சுற்றி மரப்பெட்டிகளில் அடைத்து, ஆணி அடித்து, பெட்டியின் மேல் கறுப்புப் பெயின்டில் அடுத்த ஊரின் பெயரை எழுதி, அதற்கு முந்தைய ஊரின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ரயிலேறுவார். போய்ச் சேர்ந்து திரைச்சீலை மாட்டுவதற்குள் ஐயா ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவாராம். "எப்ப வருவீங்க?" என்று அம்மா கேட்பாராம். "பாலம் முடிஞ்சதும்," என்பாராம். பாலம் எப்போது முடியும் என்று அந்த ஆற்றுக்கே தெரியாது. முப்பத்தாறு வருடத்தில் பதினேழு வீடு. பதினேழிலும் அம்மா சுவருக்கு ஆணி அடித்தது கிடையாது, எதற்கு அடிப்பானேன், பிடுங்குவானேன் என்று காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் கட்டுவாராம்.

அவர்களின் ஒரே மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். ஐயா ஓய்வு பெற்றதும் அவளைப் பார்க்க வந்தவர்கள், இரண்டு நாள் மலையைச் சுற்றிப் பார்க்க இங்கே வந்தார்கள், என் கடையில் தோசை சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா தெருவுக்குள் எட்டிப் பார்த்து, ஒன்பதாம் எண் வீட்டில் தொங்கிய 'விற்பனைக்கு' என்ற அட்டையைப் பார்த்து, கையைக்கூடக் கழுவாமல், "இங்கயே இருந்துடலாங்க," என்றார். அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் வீடு அது. ஐயாவும் அசந்துபோய், "சரி, இதுதான் கடைசி," என்று வாக்குக் கொடுத்தார். ஓய்வு பெற்ற வெளிநாட்டுக்காரர்களுக்கென்று இருக்கிற விசாவை வாங்கி, சாமான்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். வந்த பெட்டிகளை அம்மா கொல்லையில் வைத்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி உடைத்தார். பலகைகளை அடுக்கிவிட்டு, "இனிமே இதுக்கு வேலை இல்ல லோகா," என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கே கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் காலண்டர் மாட்டினார். அந்த ஆணியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆறு மாதம் ஓடியது. ஐயாவுக்கு உட்காரத் தெரியவில்லை. உட்காருகிற வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தாமானில் இருக்கிற அத்தனை கேட்டுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார், லியோங் தோட்டத்துச் சாக்கடையின் வாட்டத்தை அளந்து திருத்தினார், பெரிய சாலையில் போகும் லாரிகளை நிறுத்தி டயரின் காற்றைத் தட்டிப் பார்த்தார், என் கடை பெஞ்சின் ஆட்டத்தைச் சரிசெய்து, சரிசெய்த பெஞ்சில் ஒரு நிமிடம்கூட உட்காராமல் எழுந்து போனார். பிறகு போனில் வீடுகளின் படம் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் ஜார்ஜியா, ஒருநாள் போர்ச்சுகல், ஒருநாள் நியூசிலாந்தில் ஏரிக்கரை. "லோகா, இதைப் பாரு, வாசல்லயே ஆறு," என்று என்னிடம் நீட்டினார். நான் பார்ப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அம்மா பார்த்துவிட்டார். கறிவேப்பிலை வாங்க வந்தவர்.

அம்மா சத்தம் போடுகிற ஆள் கிடையாது. "பத்தொன்பதாவது வீட்டுக்கு நீங்க மட்டும் போங்க," என்றார். "நான் வரல. வாக்குக் கொடுத்தது நீங்க, நான் அதை நம்பித்தான் பெட்டியை உடைச்சேன்." கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐயா போனைச் சட்டைப்பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் அம்மா பக்கம்தான் நான்.

மறுநாள் காலையிலேயே ஐயா என் கடையில் வந்து நின்று, "பெட்டியில போட்டு ஆணி அடிக்க முடியாத ஒண்ணைக் கட்டப்போறேன், அவளுக்கு முட்டி வலி இருக்கு, இந்தக் குளிருக்கு வெந்நீர்த் தொட்டி கட்டித் தரேன், கான்கிரீட்டுல, எட்டடிக்கு ஆறடி, அப்புறம் நான் எங்க போக முடியும் சொல்லு," என்றார். எங்கள் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அதைக் கட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. கம்பியை அவரே வளைத்தார், ஜல்லியை அவரே கழுவினார், கான்கிரீட் போட்டு இருபத்தொரு நாள் ஈரச் சாக்குப் போட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வேளாவேளைக்கு அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கச் சுவரோடு சேர்த்து இரும்பு அடுப்பு, அதற்குப் புகைக்குழாய், ரப்பர் விறகு நான்கு கட்டை போட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் சுடும். உள்ளே சுற்றி உட்காரும் பலகைக்கு அம்மா உடைத்த பெட்டிகளின் மரத்தையே கேட்டு வாங்கினார். இழைத்தும் எழுத்து போகவில்லை. ராஜமுந்திரி, கோட்டா, கவுஹாத்தி என்று ஒரு பலகைக்கு ஒரு ஊர் தெரிந்தது.

தொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்றார். என் கடையில் இரண்டு டம்ளரை வைத்து மேலே ஒரு கரண்டியைக் குறுக்கே போட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார். கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் வெடித்துவிடும். அதனால் பாலத்தின் ஒரு முனையை ஆணி வைத்துப் பிடித்து வைப்பார்கள், மறுமுனையை இரும்பு உருளை மேல் விட்டுவிடுவார்கள், அது தன் பாட்டுக்கு அரை அங்குலம் போகும், வரும். தொட்டிக்கும் அப்படித்தான் என்றார். ஈப்போவில் கடைசல் பட்டறையில் உருளை செய்யச் சொல்லி, அதை என் வீட்டுக்காரர்தான் லாரியில் ஏற்றி வந்தார். எத்தனை உருளை என்று அப்போது நாங்கள் யாரும் எண்ணவில்லை.

தண்ணீர் நிரப்பி அடுப்பு மூட்டிய அன்று தாமானே கொல்லையில் நின்றது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "சுலோ, வா, முதல்ல நீதான் இறங்கணும்," என்றார். அம்மா சமையலறைக் கதவிலேயே நின்றார். ஆவியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். "இருக்கட்டுங்க. ஆறு மாசம் போகட்டும். அதுவும் நீங்களும் ஒரே இடத்துல நின்னீங்கன்னா இறங்குறேன்," என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

அன்று மூன்று மணிக்குத்தான் அந்த ஒரு சாண்.

மறுநாள் ஒரு முழம். அதற்கு மறுநாள் மூடுபனி விலகியபோது தொட்டி வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. நான்காம் நாள் தெருவில் நின்றது, வேலியில் ஒரு கம்பிகூட வளையவில்லை, தொட்டியில் விளிம்புவரை இருந்த தண்ணீரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஐயா கட்டை வைத்து அடைத்தார், மணல் மூட்டை அடுக்கினார், லியோங்கிடம் டிராக்டர்ச் சங்கிலி வாங்கி விளக்குக் கம்பத்தோடு பூட்டினார். பனி விலகியபோது சங்கிலி பூட்டியது பூட்டியபடி கிடந்தது, தொட்டி அடுத்த வீட்டைத் தாண்டியிருந்தது. ஐயா தினமும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வந்து அம்மாவிடம் சொல்வார். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி களைவார். அவர் பார்க்கவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

நகராண்மைக் கழகத்திலிருந்து ரோஸ்லான் என்ற அதிகாரி வந்தார், மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே, சாலையில் நிறுத்தியதற்குச் சம்மன் எழுதி அடுப்புக் கதவில் ஒட்டினார். மறுநாள் வந்து பார்த்தால் தொட்டி முப்பது அடி தள்ளி இருந்தது. இது நிறுத்தி வைத்தது இல்லை, ஓடுகிறது என்று தன் சம்மனைத் தானே கிழித்தார், ஓடுகிற வண்டிக்குச் சாலை வரி வேண்டுமே என்று புத்தகத்தைப் புரட்டினார், இன்ஜின் இல்லாததற்கு வரி போட வழியில்லை என்று கண்டு பெருமூச்சு விட்டார், கடைசியில் பின்பக்கம் ஒட்டுவதற்கு இரண்டு சிவப்பு ஒளித்தகடுகளைக் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் இடுப்பு வலி என்று துண்டோடு வந்தார்.

யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதவில்லை, ஆனாலும் ஒரு மாதத்தில் எங்களுக்குச் சட்டம் உண்டாகிவிட்டது. தொட்டி யார் வாசலில் நிற்கிறதோ அவர்கள்தான் அன்று அடுப்புக்கு விறகு போட வேண்டும், அவர்களுக்குத்தான் முதல் குளியல். புகைக்குழாயில் பச்சைத் துண்டு தொங்கினால் பெண்கள், நீலத் துண்டு தொங்கினால் ஆண்கள். அன்று சண்டை போட்டவர்கள் அன்று சேர்ந்து இறங்கக் கூடாது, தண்ணீர் கெட்டுவிடும். மூடுபனி இறங்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற ஆள் எழுந்து வந்துவிட வேண்டும், இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. தொட்டி நகரும்போது உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எங்களுக்கு அவசரமும் இல்லை.

காரணத்தைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. பெட்டிப் பலகை, அதுதான் ஊர் ஊராகப் போய்ப் பழகிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். மலையில் தண்ணீருக்குக் கால் உண்டு என்று லியோங் சொன்னார். கோயில் தலைவர் இது தெய்வ காரியம் என்று மாலையோடு வந்து நின்றார், திருவிழாவுக்குக் கோயில் வாசலில் நின்றால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டார். தொட்டி கோயிலை ஒரே மூடுபனியில் தாண்டிப்போய் முடிதிருத்தும் கடை வாசலில் ஐந்து நாள் நின்றது, அதிலிருந்து அவர் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. லியோங்குக்குத் தமிழ் சந்தைத் தமிழ்தான், ஆனால் தயக்கம் கிடையாது. தொட்டி அவர் தோட்டத்து வாசலுக்கு வந்த அன்று என் கடைக்கு ஓடி வந்து, "லோகா, என் வீட்டு வாசல் வந்தாச்சு லா, நாலு நாளா காத்திருக்கேன், நீ வந்து பச்சைத் துண்டு போடாத," என்றார். அவர் தோட்டத்தில் வேலை பார்க்கிற பங்களாதேஷ் ஆட்கள் வரிசையாக விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு போன் பேசினார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் அதற்குள் வைத்துப் பேசிக்கொண்டார்கள். சுற்றுலாக்காரர்கள் படமெடுத்தார்கள், நாங்கள் தொட்டிக்குப் பழகிவிட்டிருந்தோம் என்பதால் அவர்கள் ஆச்சரியப்படுவது எங்களுக்குக் கொஞ்சம் நாகரிகக் குறைவாகப் பட்டது.

தாமானில் அதில் இறங்காதவர் சுலோசனா அம்மா ஒருவர்தான். தினமும் சாயங்காலம் தொட்டி நிற்கிற இடம்வரை நடந்து வருவார், முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்ப்பார், போய்விடுவார். ஒவ்வொரு நாளும் அவர் நடக்கவேண்டிய தூரம் கூடியது. ஐயா அதற்குள் ஆளே மாறிவிட்டார். தொட்டியை நிறுத்தப் போகிறேன் என்று தொட்டிக்குப் பின்னாலேயே அலைந்தார், வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அதன் பக்கத்தில் வந்து நிற்பார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மாதான் ஆள் அனுப்ப வேண்டும். ஜார்ஜியாவும் போர்ச்சுகலும் மறந்தே போயின. பார்க்கிறவர்களுக்கு அவர் முகத்தில் கவலை தெரிந்தது. எனக்கு அதில் சந்தோஷமும் தெரிந்தது, அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாதா.

மூன்று மாதத்தில் தொட்டி தெருவை முடித்து என் கடைக்கு நாற்பதடியில் வந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பெரிய சாலை. வலப்பக்கம் ஏறினால் மலை, இடப்பக்கம் இறங்கினால் அடிவாரத்துத் தாப்பா பட்டணம், தாப்பாவிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். அன்று மத்தியானம் ஐயா பெஞ்சில் உட்கார்ந்து டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். எதிரே உட்கார்ந்து, "லோகா, சீனி கம்மியா ஒரு தே," என்றார். குடித்து முடித்து டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கல்யாணமான புதுசுல டம்ளரை வச்சு எனக்குப் பாடம் நடத்துனீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் பிடிச்சு வைக்கணும், ஒரு பக்கம் விட்டு வைக்கணும்னு."

"இருக்கு."

"இந்தத் தொட்டிக்கு எந்தப் பக்கத்தைப் பிடிச்சு வச்சீங்க?"

ஐயா டேப்பை மூடினார். "ரெண்டு பக்கமும் உருளைதான், சுலோ."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஆணி அடிக்கச் சுத்தியல எடுத்துட்டேன். கை வரல. அப்புறம் அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

"முப்பத்தாறு வருஷத்துல எந்தப் பாலத்துக்காவது அப்படி விட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"நமக்கு மட்டும்."

எண்ணெயில் என் வடை கருகிக்கொண்டிருந்தது, நான் திருப்பவில்லை. ஐயாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் நிக்கணும்னுதான் கட்டுனேன்," என்றார். "தெரியும்," என்றார் அம்மா, அன்பாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒரு பக்கம் பிடிச்சிருந்ததால உங்களுக்கு ரெண்டு பக்கமும் உருளை போட்டுப் பழக்கமாயிடுச்சு. பிடிச்சிருக்கிற பக்கத்துல என்ன பாரம் வரும்னு உங்களுக்குக் கணக்குலதான் தெரியும்."

பிறகு அவர் துணிப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். "குப்பை லாரி புதன்கிழமை வரும், செவ்வாயே எடுத்து வெளிய வச்சுடுங்க. கறிவேப்பிலைச் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. உங்க பிரஷர் மாத்திரை காலண்டருக்குக் கீழ இருக்கு. பின்கதவு தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போடணும், அழுத்தினா விழாது," என்றார். பையில் மீதி இருந்தது ஒரு துண்டும் இரண்டு புடவையும் மூட்டுவலித் தைலமும் போனும்தான்.

மணி இரண்டே முக்கால். அவர் தொட்டிவரை நடந்து, புகைக்குழாயில் பச்சைத் துண்டைக் கட்டி, பையைத் தொட்டி விளிம்பில் வைத்து, புடவையோடே இறங்கி, கோட்டா என்று எழுதியிருந்த பலகையில் உட்கார்ந்தார். கழுத்துவரை தண்ணீர். கண்ணை மூடி, "அப்பா," என்று ஒரு மூச்சு விட்டார். முப்பத்தாறு வருடத்து மூச்சு அது. லியோங் தோட்டத்து மேட்டிலிருந்து கத்தினார், "அக்கா, பனி வருது, எழும்புங்க லா, எழும்புங்க." அம்மா கண்ணைத் திறக்காமல், "தெரியும் தம்பி," என்றார்.

ஐயா எழுந்து ஓடவில்லை. உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். தொட்டியின் கனம் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, அம்மா இவ்வளவு. "நின்னுடும்," என்றார் என்னிடம். "அவ உக்காந்தா நின்னுடும், பாரு, நின்னுடும்." நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அம்மா உட்கார்ந்த இடத்தில் எது நகர்ந்திருக்கிறது, எத்தனை ஊரில் எத்தனை வீட்டை அந்த அம்மா உட்கார்ந்தே நிறுத்தி வைத்திருந்தார். இனி தொட்டி நகராது, ஐயா அதற்கு ஆணி அடிப்பார், என் கடை வாசலில் எல்லோரும் குளித்துக்கொண்டிருப்போம் என்று நான் மனதுக்குள் கேசரிக்கு ரவைகூட அளந்துவிட்டேன்.

மூடுபனி வந்தது. பெஞ்சு மறைந்தது, சாலை மறைந்தது, அம்மாவின் தலை மறைந்தது. அன்றைக்கு வழக்கமான நேரம் தாண்டியும் பனி விலகவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், தாப்பாவுக்கு இறங்குகிற வளைவில், ரோஸ்லான் கொடுத்த சிவப்புத் தகடுகள் இரண்டும் மின்னியதை நான் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார். விலகியபோது நாற்பதடி தள்ளி ஈரச் சாலைதான் இருந்தது.

ஐயா செருப்பில்லாமல் மூன்று வளைவு ஓடினார். கீழிருந்து வந்த என் வீட்டுக்காரர்தான் லாரியை நிறுத்தி அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கூட்டி வந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு என் கடையில் வைத்து அவர் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று அவருக்குத் தோன்றியதோ, விரல் எங்கோ பட்டதோ, சத்தம் வெளியே கேட்டது.

"முட்டி வலி விட்டுடுச்சுங்க," என்றார் அம்மா. "சூடு பதமா இருக்கு. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

"எங்க இருக்க சுலோ?"

"ஒரு பாலத்துப் பக்கத்துல. கீழ ஆறு போகுது. எந்த ஊர்னு கேட்டுக்கல."

"எப்ப வருவ?"

அம்மா கையால் தண்ணீரை அளைகிற சத்தம் கேட்டது.

"தண்ணி ஆறுனதும்," என்றார்.

இது நடந்து இப்போது ஒன்றரை வருடம். மூடுபனி மலையோடு நின்றுவிடும், கீழே தொட்டி மழையில் நகர்கிறது என்கிறார்கள் லாரிக்காரர்கள். தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வாரம் நின்றதாம். கோத்தாபாருவில் மீன் விற்கிற பெண்கள் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்து, சாயங்காலம் கூட இறங்கி உட்கார்ந்தார்களாம். பச்சைத் துண்டு, நீலத் துண்டுச் சட்டம் எங்கள் தாமானில் உண்டானது என்று இப்போது எங்கேயும் யாருக்கும் தெரியாது, அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். அம்மாவின் முகம் வெயிலில் கறுத்துப்போயிருக்கிறது, சிரித்தபடி இருக்கிறார், எந்த ஊரில் கேட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் 'எங்கள் அம்மா' என்றுதான் சொல்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். வாரம் ஒருமுறை ஐயாவுக்கு போன் வரும். பார்த்த ஆறுகளைப் பற்றிச் சொல்வாராம்.

மகள் கோலாலம்பூரிலிருந்து வந்து அப்பாவைக் கூப்பிட்டாள். "அம்மா வர்றப்ப வீடு பூட்டியிருக்கக் கூடாது," என்று ஐயா மறுத்துவிட்டார். போனில் வீட்டுப் படங்கள் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை குப்பையை எடுத்து வைக்கிறார், தாழ்ப்பாளைத் தூக்கிப் போடுகிறார், கொல்லையில் தொட்டி இருந்த இடத்தைக் கழுவி வைக்கிறார். கூடத்தில் நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை உட்காருகிறார். உட்கார்ந்திருக்கும்போது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் என் கடையில் தேநீரை வைத்துக்கொண்டு, "லோகா, பிடிச்சிருக்கிற பக்கம் இவ்வளவு வலிக்கும்னு நான் நினைக்கல," என்று சொல்லி அழுதார். நான் இன்னொரு வடை வைத்தேன்.

வியாழக்கிழமைதான் அவருக்கு முக்கியமான நாள். அன்றைக்குக் காலையில், ஒரு முழத்துக்கு அளந்து வெட்டி வாரம் முழுக்க வெயிலில் காயவைத்த ரப்பர் விறகில் நன்றாகக் காய்ந்ததாகப் பொறுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, என் வீட்டுக்காரரின் லாரியில் முட்டைக்கோசுக்கு மேல் தார்ப்பாய்க்கு அடியில் ஏற்றுவார். லாரிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, அம்மா எந்த ஊரில் நின்றாலும் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஒரு வியாழக்கிழமை தவறியதில்லை.

போன வாரம் என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அதுதான் உண்மை. "ஐயா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. தண்ணி ஆறுனாத்தானே அம்மா வருவாங்க. ரெண்டு வாரம் நீங்க விறகு அனுப்பாம இருந்தா என்னா?"

ஐயா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டது காதில் விழாத மாதிரி லாரியைச் சுற்றி வந்து, தார்ப்பாயைத் தூக்கி, ஒரு கட்டிலிருந்து ஒரே ஒரு கட்டையை உருவி, கையில் வைத்துக் கனம் பார்த்து, முகர்ந்து பார்த்து, தள்ளிப் போட்டார்.

"இது இன்னும் ஈரம் லோகா," என்றார். "புகைஞ்சா அவளுக்குக் கண்ணு எரியும்."